குரங்குச் சுப்பனுக்குப் பேர் போட்டவர்

எங்கள் ஊரில் பிறந்தாலும் செத்தாலும் என் மெஷினுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர் வேணு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வட்டச் செயலாளர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் ஒரே மை, ஒரே மெஷின். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். செத்தவர் முகம் கொஞ்சம் மங்கலாக வந்தால் எவனும் கேட்க மாட்டான். அடியில் தன் பேர் பக்கத்துப் பேரைவிடச் சின்னதாகிவிட்டால், கருமாதி முடிவதற்குள் கடைக்கு வந்து சட்டையைப் பிடிப்பான்.

அப்படி அடியில் பேர் போட்டதற்காகக் கோர்ட்டில் நின்று பதில் சொன்னவர், எனக்குத் தெரிந்து, பாஞ்சாலை அக்கா ஒருவர்தான்.

அக்கா எங்கள் தெருக்காரர். கலசப்பாக்கம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுகிற குடும்பத்தில் பிறந்து, சுப்பன் மேஸ்திரிக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். மேஸ்திரி ஊருக்கெல்லாம் வீடு கட்டினார். கடைசியில் பேங்கில் கடன் வாங்கி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் தனக்கு ஒரு வீடு கட்டினார். கீழே குடித்தனம். மாடியில் ஒரு பெரிய ரூம், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட. ஊரான் வீட்டுக்கெல்லாம் சிமென்ட் கம்மியாகப் போட்டுப் பழகிய கை, சொந்த வீட்டுக்கும் அப்படியே போட்டுவிட்டது. இந்த விஷயம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடைசிவரை தெரியாமல் போனது அக்காவின் நல்ல நேரம்.

மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய வருஷம், ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போன மேஸ்திரி வீடு திரும்பவில்லை. தொலைந்தும் போகவில்லை. மலையைச் சுற்றுகிற ஒரே ரோட்டில் எங்கே தொலைவது? அக்கா எதிர்ப்பக்கமாக நடந்து தேடிப் போனபோது, அடி அண்ணாமலை பக்கம் ஒரு புளியமரத்தடியில் காவி வேட்டியோடு உட்கார்ந்திருந்தாராம். எல்லாம் மாயை என்றாராம். லோன் தவணையும் மாயையா என்று அக்கா கேட்டிருக்கிறார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டவனை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு மரியாதை இருக்கிறது. குடும்பம் நடத்தப் பிடிக்காதவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

அக்கா திரும்பி வந்து மாடி ரூமைக் கழுவிவிட்டு வாடகைக்கு விட்டார். அந்த வாடகைதான் தவணை கட்டியது. அந்த வாடகைதான் சோறு போட்டது.

அதற்கு அடுத்த வருஷம்தான் அந்தக் குரங்கு வந்தது. ஒரு காது கிழிந்த பெரிய கடுவன். பின்னால் ஒரு கூட்டம் வரும், ஆனால் கைப்பிடிச் சுவரில் உட்காருகிற உரிமை அதற்கு மட்டும்தான். காலையில் இட்லி வேகிற நேரத்துக்குச் சரியாக வந்து உட்காரும். தட்டு வர லேட்டானால் உள்ளே புகுந்து ஃபிரிட்ஜைத் திறக்கும். அதற்கு அக்கா வைத்த பேர் சுப்பன்.

"ஏங்க்கா, கட்டினவர் பேரையா வைக்கறது?" என்று கேட்டேன்.

"வேலை வெட்டி கெடையாது. சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா வரான். ஏன்டான்னு கேட்டா மொறைக்கறான். வேற இன்னா பேர் வைக்கறது தம்பி?"

காலையில் அக்கா குரங்கைத் திட்டுவது தெருவுக்கே கேட்கும். தின்னுட்டுத் திரும்பிப் பாக்காமப் போறியே, உனக்கெல்லாம் சூடு சொரணை இருக்காடா, ஒரு நாளாவது நீ சாப்டியான்னு கேட்டிருப்பியாடா என்று ஆரம்பித்தால் இட்லி தீரும் வரைக்கும் ஓடும். குரங்கு மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருக்கும். பதிலுக்கு மாயை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வீட்டில் அக்கா வாய்விட்டுப் பேசியது அதனிடம் மட்டும்தான்.

ஒரு ஆவணி முகூர்த்தத்துக்கு அக்கா விடியற்காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். மாடியில் இருந்த ஜெர்மன்காரி அதற்கு முந்தின வாரம்தான் காலி செய்திருந்தாள். தட்டு வரவில்லை, கதவும் திறக்கவில்லை என்றதும் குரங்குச் சுப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் டேங்க்கின் பைப்பைப் பிடித்துத் தொங்கி, ஆட்டி, முறித்துவிட்டது. அது முறிந்த இடம் ரூமின் ஜன்னலுக்கு நேர் மேலே. டேங்க் காலியானால் தானாக ஓடுகிற ஆட்டோமேட்டிக் மோட்டார் ஒன்றை அக்கா பெருமையாக மாட்டி வைத்திருந்தார். அது தன் கடமையைச் செய்தது. போர் தண்ணீர் மேலே ஏறுவதும் ரூமுக்குள் இறங்குவதுமாகப் பகல் முழுக்க நடந்தது. தெருவே நின்று தண்ணீரை இப்படி வீணாக்கலாமா என்று பேசியது. கேட்டில் பூட்டு, சுவிட்ச் வீட்டுக்குள்ளே. சாயங்காலம் மாடி ரூமின் பின்சுவர் ஊறிப்போய் அப்படியே சந்தில் உட்கார்ந்தது. சுவர் விழும்போது கரண்ட் வயரையும் இழுத்துக்கொண்டு போனது. வேடிக்கை பார்க்க வந்த குரங்குச் சுப்பன் அந்த வயரில் கை வைத்தது.

அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வீட்டில் பாதி சந்தில் கிடந்தது. கீழ் வீட்டுச் சீலிங் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் குரங்கு செத்துக் கிடந்தது. அக்கா மூன்றையும் பார்த்துவிட்டு முதலில் குரங்கைத்தான் திட்டினார்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் இல்லாமப் போனா இப்படியாடா பண்ணுவே?"

திட்டிக்கொண்டே கைப்பையிலிருந்து கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை எடுத்தார். உள்ளே ஒரு லட்டும் வாழைப்பழமும் இருந்தன. அவை யாருக்காக வந்தன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் குரங்கு செத்தால் முனிசிபாலிட்டி வண்டியில் தூக்கிப்போட முடியாது. குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மேளம் வைத்து, குழி தோண்டிப் புதைத்து, மறுநாள் பால் ஊற்ற வேண்டும். அனுமார் சமாச்சாரம், குறை வைக்கக் கூடாது என்று தெருவே வந்து நின்றது. செலவு என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை ஞாபகம் வந்துவிட்டது. வீடு இடிந்த அன்றைக்கு அக்காதான் மாலை வாங்கினார், மேளத்துக்குச் சொன்னார், குழி தோண்டக் கூலி கொடுத்தார். பிறகு என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு பேனர் அடி."

ஜெர்மன்காரி போனில் எடுத்து அனுப்பிய படம் ஒன்று அக்காவிடம் இருந்தது. குரங்குச் சுப்பன் சில்வர் தட்டில் இட்லியோடு கேமராவை முறைக்கிற படம். அதைப் பெரிதாக்கி, மேலே கண்ணீர் அஞ்சலி போட்டு, சுப்பன் என்று பேர் போட்டேன்.

"அடியில தெருப் பொதுமக்கள்னு போட்டுடலாமாக்கா?"

"எந்தப் பொதுமக்கள் மாலைக்குக் காசு குடுத்தாங்க? பாஞ்சாலை குடும்பத்தினர்னு போடு. பெருசாவே போடு."

பெரிதாகவே போட்டேன். அக்கா வீட்டுக்கு எதிர் கரண்ட் கம்பத்தில் கட்டினோம். பேனரில் எழுத்து மட்டும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து எவனோ வாட்ஸப்பில் போட்டுவிட்டான். கலசப்பாக்கத்திலிருந்து அக்காவின் பிறந்த வீட்டார் இரண்டு பேர் மேஸ்திரிதான் போய்விட்டார் என்று மாலையோடு வந்து இறங்கினார்கள். அக்கா அவர்களுக்குக் காபி கொடுத்து, மாலையை வாங்கிக் குரங்குப் படத்துக்குப் போட்டார்.

பேனர் கட்டுவது மட்டும்தான் எங்கள் ஊர் வழக்கம். அவிழ்ப்பதற்கு வழக்கம் எதுவும் கிடையாது. வெயிலில் வெளுத்து, காற்றில் கிழிந்து, அதுவாகத்தான் விழ வேண்டும்.

வீட்டுக் கடனோடு சேர்த்து வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட்டிருக்கிறது என்று பேங்க்காரர் அப்போதுதான் சொன்னார். இத்தனை வருஷமாகத் தவணையில் அதற்கும் சேர்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள். கேட்காமல் பிடித்ததற்கு ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அக்கா விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார். டேங்க் உடைந்து தண்ணீரால் வீடு பாழானால் பணம் உண்டு. ரூமை வாடகைக்கு விட்டதற்கும் பாலிசியில் தடை இல்லை. சேதத்தைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து சர்வேயர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷன், காபியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பைப்பை யாரும்மா ஒடச்சது?"

"சுப்பன் சார்."

"அது யாரு?"

வாசல் பக்கமாகத் திரும்பி எதிர் கம்பத்துப் பேனரை அக்கா கை நீட்டிக் காட்டினார். தினமும் எத்தனை இட்லி தின்னும், மல்லாட்டைச் சட்னி இல்லாவிட்டால் எப்படித் தட்டைத் தூக்கி எறியும், அடக்கத்துக்கு எப்படி மேளம் வைத்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். சர்வேயர் பேனரை நேராக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அவருக்குக் குரங்கின்மேல் அவ்வளவு பிரியம் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் வளர்க்கும் விலங்கு செய்த சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. சோறு போட்டிருக்கிறீர்கள், பேர் வைத்திருக்கிறீர்கள், குடும்பத்தினர் என்று ஊரறிய அறிவித்து அடக்கம் செய்திருக்கிறீர்கள். ஆகவே பணம் இல்லை. கூடவே என் பேனரின் போட்டோ, கலரில். என் தொழில் வாழ்க்கையில் என் டிசைனை இவ்வளவு கவனமாகப் படித்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அந்தப் பணம் வந்தால் சுவர் எழும்பும், ரூம் ஓடும், தவணை நடக்கும். வராவிட்டால் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு ஓசூருக்குப் போய் மகள் வீட்டில் டிவி பார்க்க வேண்டியதுதான். மகள் நல்லவள், தினமும் போன் போட்டு வந்துடும்மா என்றுதான் சொன்னாள். அக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"கொரங்குக்கு மரியாதை பண்ணது ஒரு குத்தமா தம்பி?" என்றார். தெருவோ, பொதுமக்கள்னு போட்டிருந்தா இந்த வம்பே இல்ல என்று புத்தி சொன்னது. மாலைக்குக் காசு கேட்ட அன்றைக்குக் காணாமல் போன அதே தெருதான்.

கேஸ் போட்டோம். வக்கீல் அறிவுமதி எங்கள் மாவட்டத்துப் பெண், படித்து முடித்துச் சில வருஷம்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கோபம் வந்தாலும் எழுந்து நிற்க முடியாத இடம் என்பதால் அமைதியாகப் பேசுவாள்.

"சோறு போட்டது, பேர் வச்சது எல்லாம் சமாளிக்கலாம் ஆன்ட்டி. அந்தப் பேனர்தான் ப்ராப்ளம். குடும்பத்தினர்னு நீங்களே போட்டிருக்கீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்க கம்ப்யூட்டர்ல கண்ணீர் அஞ்சலிக்கு ரெடியா ஒரு டிசைன் இருக்கும் இல்ல? அதுல குடும்பத்தினர்ங்கற வார்த்தை ஏற்கெனவே இருந்துது, நீங்களா விட்டுட்டீங்க. ஆன்ட்டி கவனிக்கல. அப்படிச் சொன்னா போதும்."

நான் சரி என்றேன். இந்த ஊரில் எழுத்துப் பிழைக்கு நான் வாங்காத திட்டில்லை. செய்யாத தப்பு ஒன்றைச் சேர்த்து ஏற்றுக்கொள்வதால் என் மெஷின் நின்றுவிடாது. அக்காவும் சரி என்றுதான் தலையாட்டினார்.

ஒரு கார்த்திகை தீபம் வந்து போனது. ஊர் முழுக்க ரூம் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தபோது, அக்கா வீட்டு மாடி ஒரு பக்கம் சுவர் இல்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அங்கிருந்து தீபம் நன்றாகத் தெரியும். சுவர் இருந்தபோது தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்தது என்று அக்காவே சொன்னார். பேங்க்கிலிருந்து இரண்டு நோட்டீஸ் வந்தது.

ஒருவழியாக நுகர்வோர் கோர்ட்டில் தேதி வந்தது. சாதாரணமாக அங்கே எல்லாம் காகிதத்திலேயே முடிந்துவிடுமாம். கம்பெனி வக்கீல் மட்டும் அக்காவை நேரில் விசாரித்தே ஆக வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். வேலூரிலிருந்து வந்திருந்தார், கோட்டு கசங்காமல் இருந்தது. பேனரின் போட்டோவைப் பெரிதாக்கிக் கையில் வைத்திருந்தார்.

"இந்தத் தட்டு யாருதும்மா?"

"என்னுதுங்க."

"உங்க தட்டுல சாப்பாடு போட்டுத் தினமும் குடுத்திருக்கீங்க. வளர்த்திருக்கீங்க."

"தட்டு அது திருடினு போனதுங்க. திருப்பித் தரவே இல்ல. சோறு குடுத்தது மாமூலுங்க."

"என்னது?"

"மாமூல். குடுக்கலன்னா வீட்டுக்குள்ள பூந்து ஒடைக்கும். பஜார்ல கடைக்காரங்க ரவுடிக்கு மாமூல் குடுக்கறாங்க. ரவுடியைக் கடைக்காரங்க வளக்கறாங்கன்னா சொல்லுவீங்க? அன்னிக்கு ஒரு நாள் நான் குடுக்கல. இன்னா ஆச்சுன்னு நீங்களே பாருங்க."

நடுவில் உட்கார்ந்திருந்த நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அறிவுமதி அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

"சுப்பன்கறது யார் பேரு?"

"என் வீட்டுக்காரர் பேருங்க."

"கணவர் பேரையே வச்சிருக்கீங்க. அவ்வளவு பாசம்."

"பாசத்துல வைக்கலீங்க. கோவத்துல வச்சது."

"சரிம்மா. இந்தப் பேனர்ல பாஞ்சாலை குடும்பத்தினர்னு இருக்கே. இதைப் போடச் சொன்னது யாரு?"

இதுதான் அந்தக் கேள்வி. நான் எழுந்து நிற்பதற்குத் தயாராகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு போட்டோவைப் பார்த்தார். இட்லித் தட்டோடு முறைத்துக்கொண்டிருந்தது.

"நான்தாங்க. தம்பி பொதுமக்கள்னு போடறேன்னுதான் சொல்லிச்சு. நான்தான் என் பேரைப் போடுன்னேன்."

அறிவுமதி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"அப்ப அது உங்களுக்குச் சொந்தம்னு ஒத்துக்கறீங்க."

"இல்லீங்க. செத்தா கீழ ஒரு பேர் இருக்கணும். கிரிவலப் பாதையில வாரத்துக்கு ஒருத்தர் சாவறாங்க. இன்னா ஊரு, இன்னா பேரு, ஒண்ணும் தெரியாது. முனிசிபாலிட்டி வண்டி வந்து எடுத்துனு போவும். அதைப் பாத்துப் பாத்து எனக்குப் பயங்க. நம்ம வாசல்ல செத்ததுக்கு அப்படி ஆவக் கூடாதுன்னு போட்டேன். பேர் போட்டா சொந்தம் ஆயிடுமா?"

"ஆகாதா?"

"என் வீட்டுக்காரரைப் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிக் கட்டிக்கினேன். பத்திரிகையில பேரு இருக்குது, ரேஷன் கார்டுல இருக்குது, இந்தப் பாலிசியிலயும் இருக்குது. அடி அண்ணாமலையில புளியமரத்துக்கு அடியில சாமியாரா குந்திக்கினு இருக்காரு. இத்தனை எடத்துல பேர் போட்டும் அவரே எனக்குச் சொந்தமா நிக்கல. ஒரு கொரங்கு எப்படிங்க நிக்கும்?"

இந்த முறை நீதிபதி கண்ணாடியைத் துடைக்கவில்லை. வெளிப்படையாகவே சிரித்துவிட்டார். கம்பெனி வக்கீல் போட்டோவைக் கோப்புக்குள் வைத்தார்.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. காட்டு விலங்கை யாரும் சொந்தமாக வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது, பசிக்குச் சோறு போட்டதும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் செத்தபின் மரியாதையாகப் புதைத்ததும் வளர்ப்பு ஆகாது, சேதத்துக்குப் பணத்தை வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அந்தப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கோர்ட்டுக்குப் போக வக்கீலுக்கு மனசு வரவில்லையோ என்னவோ.

ஆனால் பணத்துக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. பாலிசி இரண்டு பேர் பேரில் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவும் சுப்பன் மேஸ்திரியும்.

"பாத்தியா தம்பி," என்றார் அக்கா. "கோர்ட்ல சொந்தம் இல்லன்னு சொல்லிட்டு வந்தேன். கம்பெனிக்காரன் புருஷன் இருக்கறான்னு எழுதி அனுப்பறான்."

என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன். வேலைநாள் காலை, கிரிவலப் பாதையில் கூட்டம் கம்மி. அன்னதான வண்டிக்காகச் சாமியார்கள் வரிசையாகத் தூக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தைத் துறந்தவர்கள் வரிசையில் இடத்தைத் துறக்கத் தயாரில்லை என்பது அங்கே நடந்த சின்னத் தகராறில் தெரிந்தது. புளியமரத்தடியில் மேஸ்திரி இருந்தார். தாடி வெளுத்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் தொறய்யா. கையெழுத்துப் போடணும்."

"சந்நியாசி கையெழுத்துப் போடறதில்ல. பேரு, சொத்து, பந்தம் எல்லாத்தையும் விட்டாச்சு."

"சரி. வேணு தம்பி, இவரை ஒரு போட்டோ எடு. நாளைக்கே ஒரு பேனர் அடி. கண்ணீர் அஞ்சலி, சுப்பன். இதே மரத்துல கட்டு. செத்தவனுக்கு அன்னதான வண்டிக்காரன் சோறு ஊத்தறானான்னு பாக்கலாம்."

நான் போனை வெளியே எடுத்தேன். மேஸ்திரி ஒரு கண்ணைத் திறந்தார். ஏற்கெனவே ஒரு தடவை வாட்ஸப்பில் செத்தவர் அவர். அந்த வாரம் முழுக்கப் பக்கத்துச் சாமியார்கள் அவருடைய பங்கையும் தாங்களே வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். என் பேனாவை வாங்கி, தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கூலி ஆட்களுக்குக் கணக்கு எழுதுகிற காலத்துக் கையெழுத்து, கொஞ்சம்கூட மாறவில்லை.

அக்கா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"பாஞ்சாலை."

அக்கா நின்றார்.

"கொரங்குக்குக் கீழ உன் பேரைப் போட்டியாமே. இங்க எல்லாரும் சொன்னாங்க."

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

மேஸ்திரி தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார். "ஒண்ணுமில்ல. எனக்குப் போடுவியா?"

அன்னதான வண்டி வந்துவிட்டது. வரிசை எழுந்து நகர்ந்தது. அவர் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்காவின் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"கொரங்கு தெனம் வீடு தேடி வந்துச்சு," என்றார் அக்கா. "நீ மொதல்ல அதைப் பண்ணு. அப்புறம் பாக்கலாம்."

திரும்பி வருகிற வழியில், ஆசிரமம் தாண்டும்போது, பாதி ஆளாயிட்டான் இல்ல என்றார் அக்கா. ஆமாக்கா என்றேன்.

பணம் வந்தது. சுவர் எழும்பியது. இந்தத் தடவை சிமென்ட் மூட்டையை அக்காவே எண்ணி எண்ணிப் பிரித்துக் கொடுத்தார். அடுத்த மார்கழிக்குள் மாடியில் ஒரு பிரெஞ்சுக்காரர் குடிவந்துவிட்டார். இப்போது ரமணாசிரமத்துப் பக்கம் காலையில் போனால், அக்கா வீட்டு வாசல் படியில் ஒரு காவி வேட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே விடுவதில்லை. குரங்கு திருடிக்கொண்டு போய், பிறகு சந்தில் இடிபாட்டில் கிடைத்த அந்தப் பழைய சில்வர் தட்டில்தான் இட்லி வரும். பழைய திட்டும் கூடவே வரும். சூடு சொரணை இருக்காய்யா உனக்கு என்பது வரைக்கும் எல்லாம் அப்படியே. மேஸ்திரி மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். மாயை என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் அக்கா கடைக்கு வந்தார். போனில் ஒரு படம் காட்டினார். படியில் உட்கார்ந்து, தட்டோடு மேஸ்திரி முறைக்கிற படம்.

"இதை வச்சி ஒண்ணு ரெடி பண்ணி வை தம்பி. பிரிண்ட் போட்டுடாத. கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும்."

"நல்லா இருக்கற மனுஷனுக்கு எதுக்குக்கா இப்பவே?"

"எனக்கு மின்ன அவரு போனா நீ படத்தைத் தேடினு இருக்கக் கூடாது. அதுக்குத்தான்."

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மேலே சுப்பன் என்று அடித்தேன். அடியில் வந்ததும் பழைய கேஸ் ஞாபகத்தில் என் கை நின்றுவிட்டது. அக்காவைப் பார்த்தேன்.

"இதுக்கு இன்சூரன்ஸ் கெடையாது," என்றார். "தைரியமா என் பேரைப் போடு."